அம்மா மடிக்காத நோட்டீஸ்

காலை ஏழரை மணி ஆகியும் இரண்டாயிரம் தாள்கள் மேஜையின் மேல் மடிபடாமல் கிடந்தன. அந்த வீட்டில் இதுவரை நடக்காத காரியம் அது.

கீழே அச்சகம், மேலே வீடு. முந்தின நாள் அச்சாகி மை காய்ந்த தாள்களை மகன் விடிந்ததும் மேலே தூக்கி வருவான். அவன் பல் துலக்கி டீ குடித்து முடிப்பதற்குள் அம்மா ஐந்நூறு மடித்திருப்பாள். அவளுடைய இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் உள்பக்கம் திருகி, விறைத்துப்போய் நிற்கும். அந்த விரல்முட்டியைத் தாளின் மூலையில் ஊன்றிக்கொண்டு, வலது கையிலிருக்கும் வழவழப்பான மரத்துண்டால் ஒரே இழுப்பு... மடிப்பு கத்தி போல விழும். ஊனமான கையையே வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டவள் என்று தெருவில் அவளைப் பற்றிச் சொல்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

இன்று அந்த மரத்துண்டு தாள்களின் மேல் சும்மா கிடந்தது. அம்மா ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றான் மகன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. இத நான் மடிக்க மாட்டேன்."

அச்சுக்காரனுக்கு முதல் பயம் ஒன்றுதான். பதறிப்போய் ஒரு தாளை எடுத்தான். "ஐயோ... எழுத்துப் பிழை ஏதாவது விட்டுட்டேனா?"

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. சொன்ன விஷயம்தான் சரியில்ல."

தாளின் நடுவில் அவனுடைய அப்பாவின் படம். அதன் கீழே, கட்டை விரல் பருமனுள்ள எழுத்தில், 'பூட்டுக்காரரின் சிறை கொன்ற தோழர்!' என்றிருந்தது.

நாட்டை ஆளும் தலைவருக்கு அவருடைய எதிரிகள் வைத்த பெயர் பூட்டுக்காரர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வீடும் ஒழுக்கமும் பழைய கட்டுப்பாடும் நிலைத்தால்தான் நாடு நிலைக்கும் என்று சொல்லிப் பதவிக்கு வந்தவர். வந்த முதல் மாதத்திலேயே சாராயக் கடைகளுக்கெல்லாம் பூட்டுப் போட்டார். அத்தோடு கை நிற்கவில்லை. அடுத்த வருஷம் தொழிற்சங்க அலுவலகங்களுக்குப் போட்டார். பத்திரிகை அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவராக இருந்த மகனின் அப்பா, அந்தப் பூட்டை உடைக்கப் போய் ஏழு மாதம் சிறையில் இருந்தார். போன வருஷம், பெண்கள் இரவு வேலைக்குப் போகக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. மருமகள் நர்ஸ். இரவு வார்டின் பொறுப்பாளராக இருந்தவளைப் பகலில் சீட்டு எழுதிக் கொடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். ஆக, அந்த வீட்டில் பூட்டுக்காரரின் பெயரைச் சொன்னாலே பால் திரிந்துவிடும்.

அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. தேர்தலுக்கு இன்னும் ஆறு நாள். அப்பாவின் தம்பி அதில் நிற்கிறார். வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும் என்பதால் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அவர் 'மைக்' சித்தப்பா. அண்ணன் காலத்திலிருந்து இதே வீட்டில் மாடியறையில்தான் இருக்கிறார். நோட்டீஸின் வாசகம் அவர் எழுதியது.

அவர் டீ டம்ளரோடு இறங்கி வந்தார். "என்ன அண்ணி, இன்னும் ஒண்ணுகூட மடியல போலிருக்கே? பத்து மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க!"

"நான் மடிக்க மாட்டேன் தம்பி."

"ஏன்?"

அம்மா அவரையே பார்த்தாள். மைக் சித்தப்பாவின் சத்தம் தானாகக் குறைந்தது. அதை மகன் கவனிக்கவில்லை. அவனுக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

"அம்மா... இத்தனை வருஷமா அந்த ஆள எல்லாரும் திட்டுவோம், நீ மட்டும் வாயே திறக்க மாட்டே. ஏதோ பயம்னு நெனச்சேன். ஒளிக்காம சொல்லு. நீ யாருக்கு ஓட்டுப் போட்டே?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். எத்தனையோ விஷயத்தை விழுங்கினவளுக்கு இது ஒரு பெரிய காரியமா? ஆனால் பொய் சொல்ல அன்று அவளுக்கு மனம் வரவில்லை.

"அவருக்குத்தான். மூணு தடவையும் அவருக்குத்தான். இந்தத் தடவையும் அவருக்குத்தான் போடுவேன்."

மகனின் முகம் செத்துப்போயிற்று. அடுக்களையில் இருந்த மருமகள் கரண்டியோடு வாசற்படிக்கு வந்துவிட்டாள்.

"அத்தை! என் வேலை போச்சே... நீங்கதானே என் தலையத் தடவிக்கிட்டு அழுதீங்க!"

"அழுதது நெஜம்தான் கண்ணு. அந்தச் சட்டம் தப்புதான். நான் இல்லேங்கல."

"அப்புறம் எதுக்கு அந்த ஆளுக்கு?" மகன் கத்தினான். "என்ன செஞ்சார் உனக்கு? அப்பாவ ஜெயில்ல போட்டதுக்கா? அங்க போட்ட சாப்பாட்டுல அவர் வயிறு அழுகிச் செத்ததுக்கா? சொல்லும்மா!"

அம்மா வாயைத் திறந்தாள். சுவரில் கணவரின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டாள். ஊமை கண்ட கனவு, யாரிடம் சொல்வது?

அவளுடைய மௌனம் அவனுக்கு இன்னும் வெறியேற்றிவிட்டது. இத்தனை நாள் உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே வந்தது.

"உனக்கு அப்பா மேலயும் பாசம் இல்ல, என் மேலயும் இல்ல! பதினொரு வயசுல என்னை ஹாஸ்டல்ல கொண்டுபோய்த் தள்ளினவதானே நீ? லீவுக்குக்கூட வீட்டுக்குக் கூப்பிடல, பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினே. அஞ்சு வருஷம்! அப்பா ஒருத்தர்தாம்மா எனக்கு மனுஷனா இருந்தார். நான் திரும்பி வந்ததும் பக்கத்துல உட்கார வெச்சுத் தொழில் சொல்லிக் கொடுத்தார். அவரைக் கொன்னவனுக்கு ஓட்டுப் போட்டிருக்கே... இனிமே அந்தக் கையால எனக்குச் சாப்பாடு போடாதே!"

சொன்ன பிறகு அவனே ஒரு கணம் திகைத்தான். ஆனால் கொட்டின வார்த்தையை அள்ள முடியுமா? விடுவிடுவென்று கீழே இறங்கிப் போய்விட்டான். மைக் சித்தப்பா, "விடுங்க அண்ணி, கோவத்துல பேசறான்... நான் சமாதானப்படுத்தறேன்" என்று முனகியபடி பின்னாலேயே நழுவினார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர்.

அம்மா அறைக்குள் போய்ப் பையை எடுத்தாள். நாலு புடவை, ஒரு போர்வை, மூக்குக் கண்ணாடி. முப்பது வருஷக் குடித்தனம் ஒரு பைக்குள் அடங்கிவிட்டதைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அக்கா வீட்டுக்குப் போகலாம். அக்கா ஏன் என்று கேட்க மாட்டாள், அவளுக்கு எல்லாம் தெரியும்.

மருமகள் வந்து பையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் உங்க மேல கோவம் இருக்கு அத்தை. அத நான் மறைக்கல. ஆனா ஒண்ணு கேக்கணும். கல்யாணமாகி வந்த வாரமே கேக்க நெனச்சேன்." அம்மாவின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரி இது கட்டிங் மெஷின்ல மாட்டினது இல்ல. எலும்பு வார்டுல நாலு வருஷம் இருந்திருக்கேன். இது யாரோ பிடிச்சுத் திருகின விரல்."

அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் கண்ணு... செத்தவரைப் பத்தி வேண்டாம். அவனுக்கு அப்பா ஒருத்தர்தான் இருக்கார். அதையும் நான் பிடுங்கணுமா?"

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. மருமகளின் கண் சிவந்துவிட்டது.

வீட்டிலிருந்து தெருவுக்குப் போக அச்சகத்தின் வழியாகத்தான் போகவேண்டும். அம்மா பையோடு படியிறங்கினாள். கட்டிங் மெஷினின் பக்கத்தில் மகனும் சித்தப்பாவும் நின்றிருந்தார்கள். மடிப்பதற்குக் கூலி ஆள் வைக்கலாமா என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பையைப் பார்த்ததும் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அம்மா நிற்கவில்லை. அவனைக் கடந்து வாசல் வரை போய்விட்டாள். பின்னாலிருந்து மருமகளின் குரல் கேட்டது.

"என்னங்க, ஒரு சந்தேகம். இந்த மெஷின்ல விரல் மாட்டினா என்ன ஆகும்?"

"இப்ப என்ன கேள்வி இது?"

"சொல்லுங்களேன். தொழில்காரர்தானே நீங்க?"

"பிளேடு இறங்கினா விரல் துண்டா போயிடும். அதனாலதானே ரெண்டு கையாலயும் பட்டனை அழுத்தினாத்தான் இறங்கற மாதிரி மாத்தி வெச்சிருக்கேன். அம்மாவுக்கு ஆன மாதிரி இன்னொருத்தருக்கு ஆகக் கூடாதுன்னு."

"பிளேடு இல்லாம, தாளை அழுத்திப் பிடிக்கிற அந்தக் கட்டை இறங்கினா?"

"நசுங்கும். எலும்பு தூளாயிடும்."

"துண்டாகும், இல்லேன்னா நசுங்கும். திருகுமா?"

அவன் மெஷினைப் பார்த்தான், வாசலில் பையைப் பிடித்திருந்த அம்மாவின் கையைப் பார்த்தான். பத்து வருஷமாகத் தினமும் இந்த மெஷினில் வேலை செய்கிறவன்! கண் எதிரே இருந்த கையை ஒரு நாளாவது தொழில்காரனாகப் பார்த்தானா? அம்மா சொன்னாள், நம்பினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவள் பதினேழு வருஷம் மறைத்திருக்கிறாள்.

"சித்தப்பா," என்றான் மெதுவாக. "அன்னிக்கு நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தப்ப கட்டுப் போட்டிருந்தாங்க. அம்மா அப்ப வேலை பாத்த பைண்டிங் கடை மெஷின்ல மாட்டிக்கிச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மைக் சித்தப்பாவுக்கு அன்று ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. "பழைய கதை... வீட்டு விஷயம் வீட்டோட போகட்டும்டா" என்றார்.

"அம்மா!" மகன் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டான். "யாரும்மா?"

"வழி விடுடா..."

"யாரு?"

அம்மா பையைக் கீழே வைத்தாள். இனி மறைத்தால் அவன் வேறு யார் யாரையோ நினைப்பான். நிற்க முடியாமல் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"உனக்கு ஞாபகம் இருக்கா... அப்பா உனக்குப் பழைய ஈய எழுத்தெல்லாம் கொண்டுவந்து கொடுப்பாரே. ஒரு நாள் சாயங்காலம், மூலையில இருந்த பாட்டில்ல இருக்கிறது எழுத்துக் கழுவற எண்ணெய்னு நெனச்சு, அத்தனை எழுத்தையும் அதுல ஊறப்போட்டுக் கழுவி அடுக்கி வெச்சே."

மகனுக்கு ஞாபகம் இருந்தது. எழுத்துகள் பளபளவென்று ஆனதும், ஒரு நெடி மூக்கில் ஏறியதும்கூட ஞாபகம் வந்தது.

"அது எண்ணெய் இல்லடா. உங்கப்பா வாங்கி வெச்சிருந்த சாராயம்."

மகன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"மறுநாள் காலை ஏழு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்தார். ஏற்கெனவே குடிச்சிருந்தார். பாட்டில் காலி. நீ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பறதுக்காகப் பாட்டு பாடிக்கிட்டே குளிச்சுக்கிட்டிருந்தே. பெல்ட்டக் கழட்டிக்கிட்டு வந்தார். குளியலறைக் கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் இருந்துதில்ல... அதப் போட்டு, இந்தக் கையால பிடிச்சுக்கிட்டேன். விடுன்னார். விடல. ஒவ்வொரு விரலாப் பிரிச்சார். ரெண்டு விரல் போச்சு, மீதி மூணு விரலால பிடிச்சுக்கிட்டிருந்தேன். நான் கத்தல. கத்தினா நீ கதவத் தட்டுவே, பயப்படுவே. தண்ணி சத்தத்துல உனக்கு ஒண்ணும் கேக்கல."

"அம்மா..."

"சத்தம் கேட்டு உன் சித்தப்பாதான் வந்து அவரை இழுத்துக்கிட்டுப் போனார். அண்ணன் பேர் கெட்டுடும், சங்கத்துல தலை காட்ட முடியாது, மெஷின்ல மாட்டினதாச் சொல்லுங்க அண்ணின்னார். சொன்னேன். அடுத்த வாரமே உன்னை ஹாஸ்டல்ல சேத்தேன். நீ என் காலக் கட்டிக்கிட்டு அழுதே... நான் திரும்பிப் பாக்காம வந்துட்டேன். பாத்திருந்தா உன்னை விட்டுட்டு வந்திருக்க மாட்டேன்டா!"

இதுவரை அழாதவள் அப்போதுதான் உடைந்தாள். மருமகள் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். மகன் சுவரில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ இல்லாத அஞ்சு வருஷம் நான் என்ன பட்டேன்னு கேக்காதே. அவர் செருப்புச் சத்தம் தெருமுனையில கேக்கும்போதே தெரியும், இன்னிக்கு எப்படின்னு. இழுத்து இழுத்து வந்தா எனக்கு அன்னிக்கு அடி. யார்கிட்டப் போகாம இருந்தேன்? சங்கத்து ஆளுங்ககிட்டப் போனேன். உழைக்கிறவன் அலுப்புக்குக் குடிக்கிறான்மா, பெரிசு பண்ணாதேன்னாங்க. அப்பத்தான் ரேடியோவுல இந்த மனுஷன் பேசினார். குடிகாரன் வீட்டுல பொண்டாட்டி செருப்புச் சத்தத்தக் கேட்டு நடுங்கறா, அந்தக் கடைகளப் பூட்டுவேன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. என் வீட்டுக்குள்ள வந்து பாத்தாப்பல ஒருத்தன் சொல்றானேன்னு... போய் ஓட்டுப் போட்டேன். சொன்னபடி பூட்டினார்டா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊர்ல எத்தனையோ பேர் ஒளிச்சு வாங்கினாங்க. உங்கப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்ல. முதல் மாசம் உடம்பு உதறி, பிதற்றி, சுவத்துல முட்டிக்கிட்டார். நான் மடியில போட்டுப் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டாவது மாசம் ஒரு நாள், செருப்பு சீரா நடந்து வர்ற சத்தம் கேட்டுது. யாரோன்னு எட்டிப் பாத்தா, உங்கப்பா! அந்த வாரமே உன்னைக் கூட்டிட்டு வந்தேன். நீ பாத்த அப்பா அவர்தான். எனக்கும் அந்த அப்பாவே உனக்கு இருக்கட்டும்னுதான் ஆசை."

"அப்ப... ஜெயில்?"

"அது நெஜம். அவர் பூட்டு சாராயக் கடையோட நிக்கல, நியாயம் கேட்டவங்களையும் உள்ள வெச்சுப் பூட்டுச்சு. உங்கப்பா கேட்டது நியாயம். ஏழு மாசம் ஜெயில் வாசல்ல நான்தானே நின்னேன்? அங்க நின்னு அந்தத் தலைவர மனசாரச் சபிப்பேன். வீட்டுக்கு வந்து அந்தத் தாழ்ப்பாளப் பாத்தா சாபம் திரும்ப வராது. அவர் நல்லவர்னு நான் சொல்ல வரல. உன் பொண்டாட்டி வேலையப் பறிச்சிருக்கார், அதுக்கு நான் யார்கிட்டப் போய்ப் பதில் சொல்வேன்? ஆனா என் உயிருக்கும் உன் உடம்புக்கும் அன்னிக்கு வேற யாரும் வரல. அந்த நன்றி என்னோட சாகட்டும்னு இருந்தேன். உங்கப்பா செத்தது ஜெயில் சாப்பாட்டால இல்லடா, பழைய குடியில கல்லீரல் கெட்டுப்போய். டாக்டர் சீட்டு உன் சித்தப்பாகிட்ட இருக்கு. கொன்னது அந்தத் தலைவர்னு எழுதினதை மட்டும் என்னால மடிக்க முடியல."

மகன் தலையை நிமிர்த்திச் சித்தப்பாவைப் பார்த்தான்.

"ஆறு நாள்தான்டா இருக்கு," என்றார் அவர், குரலே எழும்பாமல். "கட்சிக்கு ஒரு தியாகி வேணும்னுதான்... அண்ணனுக்கும் பெருமைதானே?"

"அம்மா விரல் திருகினத நேர்ல பாத்துட்டு, அதே அம்மா கையில குடுத்து மடிக்கச் சொல்லியிருக்கீங்க."

மகன் மாடிக்குப் போய்த் தாள்களைத் தூக்கி வந்தான். கட்டுக் கட்டாக மெஷினில் வைத்தான். இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினான். பிளேடு இறங்கி இறங்கி ஏறியது. இரண்டாயிரம் தாளும் துண்டு துண்டாகக் கீழே விழுந்தன. அப்பாவின் முகமும் அதில் இருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் தோள் குலுங்கியதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். மைக் சித்தப்பா டம்ளரை வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். அன்றைக்கு மதியம் ஓர் ஆள் வந்து அவருடைய பெட்டியை எடுத்துப் போனான்.

மெஷின் நின்ற பிறகு அவன் வந்து அம்மாவின் முன்னால் மண்டியிட்டான். அந்த இரண்டு விரல்களையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மி விம்மி அழுதான்.

"என்ன வார்த்தை சொல்லிட்டேன்மா... இந்தக் கையப் பாத்து என்ன வார்த்தை சொல்லிட்டேன்!"

"அழாதடா. எனக்கு ஜெயிச்ச சந்தோஷம் ஒண்ணும் இல்ல. உனக்கு இருந்த ஒரு அப்பாவையும் இன்னிக்கு நானே எடுத்துட்டேன்."

"அவர் எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தாரே... அதுவும் பொய்யாம்மா?"

"இல்லடா ராஜா. ரெண்டும் அவர்தான். அந்தப் படம் சுவத்துல அப்படியே இருக்கட்டும்."

மருமகள் துண்டுக் காகிதத்தைப் பெருக்கித் தள்ளினாள். மகன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்:

"எனக்கு இன்னும் அந்த ஆள் மேல கோவம் போகலம்மா. போகவும் போகாது."

"போக வேண்டாம். அப்பாவ ஏழு மாசம் உள்ள வெச்சது உண்மை. இவ வேலையப் பறிச்சது உண்மை. அத எழுது. நடந்தத மட்டும் அச்சடி, இன்னிக்கே மடிச்சுத் தரேன்."

"அந்த ஆளுக்கு எதிரா... நீயா?"

"ஓட்டு என்னோடது. அத யாருக்கும் தர மாட்டேன். மடிச்சுக் குடுக்கிறது என் பிள்ளைக்கு."

மாலைக்குள் புது நோட்டீஸ் அச்சானது. அதில் அப்பாவின் படம் இல்லை. யாரும் கொல்லப்படவும் இல்லை. ஏழு மாதச் சிறை இருந்தது, இரவு வார்டிலிருந்து எழுப்பப்பட்ட ஒரு நர்ஸ் இருந்தாள். அம்மா மேஜை முன் உட்கார்ந்து, திருகிய விரல்முட்டியைத் தாளின் மூலையில் ஊன்றி, மரத்துண்டை இழுத்தாள். அவள் கண்ணீர் ஒன்றிரண்டு தாளில் விழுந்தது. அவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றதை மடித்தாள்.

அறுநூறு மடித்திருப்பாள். மகன் வாசற்படியில் வந்து தயங்கி நின்றான்.

"அம்மா... காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. பசிக்குது."

அம்மா மரத்துண்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"கையக் கழுவிட்டு வா, எல்லாம் மையா இருக்கு," என்றாள். "போடறேன்."